பக்கத்து மனை பில்டரால் வந்த விரிசல்: மக்கள் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொண்ட அனுபவம் (ஐந்துக்கு நான்கு)

மயிலாப்பூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. ஒட்டியிருந்த வீட்டை இடித்துவிட்டு அடுக்ககம் கட்ட வந்த பில்டர், எங்கள் காம்பவுண்டு சுவரிலிருந்து இரண்டடி மட்டும் தள்ளி ஆழமாகப் பள்ளம் தோண்டினார். மண் சரியாமல் தாங்க எதுவும் வைக்காமல், ஊற்றுநீரை இரவும் பகலும் மோட்டார் போட்டு இறைத்தார். நான்காம் நாள் எங்கள் கிணறு கலங்கியது. அடுத்த வாரமே சமையலறை ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கூரை வரை ஓடியது.

மேஸ்திரியிடம் சொன்னதற்கு, வெள்ளை சிமெண்டோடு ஓர் ஆளை அனுப்பிப் பூசிவிடச் சொன்னார். நல்ல வேளையாக நாங்கள் பூச விடவில்லை. காவல் நிலையத்தில் 'இது சிவில் மேட்டர்' என்றார்கள். மாநகராட்சியில் அனுமதித்த வரைபடத்தை மீறினார்களா என்று பார்ப்பார்களே தவிர, விரிசலுக்கு இழப்பீடு வாங்கித் தருவது அவர்கள் வேலையல்ல. பில்டருக்கு நாங்கள் பணம் கொடுத்த வாடிக்கையாளரும் அல்ல என்பதால் நுகர்வோர் நீதிமன்றமும் பொருந்தவில்லை. கடைசியில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போய், மக்கள் நீதிமன்றத்தை (லோக் அதாலத்) நடத்தும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வழக்குப் போடும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளக் கேட்கும் 'வழக்குக்கு முந்தைய மனு' ஒன்றைக் கொடுத்தோம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

மனுவில் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம், பில்டரோடு மனையின் உரிமையாளரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்ததுதான். 'ஜாயிண்ட் வென்ச்சர் (மனை என்னுடையது, கட்டுவது பில்டர் என்ற கூட்டு ஒப்பந்தம்) போட்டாயிற்று, அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்' என்று அதுவரை ஒதுங்கியிருந்த பக்கத்து வீட்டு சார், நோட்டீஸ் கிடைத்ததும் முதல் அமர்வுக்கே வந்துவிட்டார். பில்டர் வரவில்லை. கட்டி முடித்து பில்டர் போய்விட்டாலும் காலத்துக்கும் எங்கள் பக்கத்தில் குடியிருக்கப் போகிறவர் என்பதால், அடுத்த அமர்வுக்கு அவரே பில்டரைக் கூட்டி வந்தார்.

பில்டரின் வாதம் எதிர்பார்த்ததுதான்: வீடு பழையது, விரிசல் முன்பே இருந்திருக்கும். இந்த இடத்தில் கைகொடுத்தவர் நாங்கள் அமர்த்திய கட்டமைப்புப் பொறியாளர். பழைய விரிசலுக்குள் தூசியும் சுண்ணாம்படித்த தடமும் இருக்கும், புதியதன் ஓரம் உடைத்த பிஸ்கட்டைப் போலச் சுத்தமாக இருக்கும் என்று காட்டிவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே மூன்று கண்ணாடிப் பட்டைகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதிப் படம் எடுத்தார்; விரிசல் அகலமானால் பட்டை உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மோட்டார் ஓடிய ஒன்பது நாளில் இரண்டு பட்டைகள் உடைந்தன; இறைப்பதை நிறுத்திய பிறகு மூன்றாவது உடையவே இல்லை. நீரோடு நுண்மணலும் வெளியேறிப் பக்கத்து அஸ்திவாரம் இறங்குகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும், அந்த மூன்று படங்கள் சொன்ன அளவுக்குச் சொல்லியிருக்காது.

'பழைய வீடு' என்ற வாதத்துக்கு எதிராக இன்னொன்றும் அமர்வில் பேசப்பட்டது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி (அடுத்தவர் நிலத்தின் மேல் நமக்குள்ள உரிமைகளைச் சொல்லும் ஈஸ்மென்ட்ஸ் ஆக்ட்), பக்கத்து மண்ணின் தாங்குதலைக் கட்டடம் ஒன்று 20 ஆண்டுகள் இடையூறின்றி உரிமையாகப் பெற்றுவந்தால் அது நிலைத்த உரிமையாகிவிடும். அதாவது வீட்டின் வயது எங்கள் பக்கம்தான் நின்றது. அதன் பிறகு பில்டரின் பேச்சில் 'பார்க்கலாம்' குறைந்து தொகை வந்தது.

ஒப்பந்தத்தில் பணத்தோடு வேறு சிலவற்றையும் எழுதிக்கொள்ள முடிந்தது: பள்ளத்தின் ஓரத்துக்குத் தடுப்பு, சுவரைப் பழுதுபார்க்க எங்கள் பொறியாளரின் மேற்பார்வை, வடகிழக்குப் பருவமழை ஒன்று கடந்த பிறகே கடைசித் தவணைக் கணக்கு. கூரையில் ஒழுகல் அப்போதுதானே தெரியும்! 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. அதனால் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருவது நல்லது. நாங்கள் ஒரு நாள் அவகாசம் கேட்டோம், கொடுத்தார்கள்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம், இந்த முறைக்கே உள்ள எல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் தீர்வு. எதிர்த்தரப்பு சம்மதிக்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பள்ளம் திறந்தே கிடந்து சுவர் நாளுக்கு நாள் நகர்கிறது என்றால் அமர்வுக்காகக் காத்திருக்காமல், உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவும், நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரும் கேட்பதே சரி. எங்களுக்கு மோட்டார் நின்றுவிட்டதால் பொறுக்க முடிந்தது. பொறியாளருக்குக் கொடுத்த 12,000 ரூபாயையும் பில்டரே திருப்பிக் கொடுத்தார். மனுவிலேயே அதைக் கேட்டு எழுதியிருந்தோம்.