கோல்ஃப் வண்டிக்கான பை: ரெக்சீனா, துணியா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பொதுமக்கள் கட்டணம் செலுத்தி ஆடக்கூடிய 18 குழி கோல்ஃப் மைதானம் இல்லை. இங்கிருந்து ஆடப் போகிறவர்கள் திருகோணமலை சீனக்குடாவில் விமானப் படை நடத்தும் மைதானத்துக்கோ, கண்டிக்கு அப்பால் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையிலுள்ள மைதானத்துக்கோ, விடுமுறை நீளமாகக் கிடைத்தால் அம்பாந்தோட்டைக்கோ போகவேண்டியிருக்கிறது. பை வாங்கும் கணக்கை இந்தத் தூரமே மாற்றிவிடுகிறது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் எழுதும் மதிப்பீடுகளில் பை என்பது வாரந்தோறும் புல்வெளியில் உழைக்கும் பொருள். எங்கள் வீடுகளில் அது வருடத்தின் பெரும்பகுதியை அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே கழிக்கிறது. அண்மையில் உயர்தரமான பை ஒன்றை வாங்கவேண்டி வந்தபோது, ரெக்சீன் என்று நாங்கள் சொல்லும் செயற்கைத் தோலால் ஆன ஒன்றையும் பொலியெஸ்தர் துணியால் ஆன ஒன்றையும் இந்தக் கோணத்திலிருந்தே ஒப்பிட்டேன். துணிப் பையையே வாங்கினேன். கீழே வருவது பெரும்பாலும் அதற்கான நியாயம் என்பதை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கால்களுள்ள, தோளில் மாட்டி நடக்கும் பையை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். முழங்கால் ஒத்துழைத்து, நடந்து ஆடுகிறவர்களுக்கு அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் வண்டியின் பின்தட்டில் ஏற்றிப் பட்டியால் இறுக்கியதும் அந்தக் கால்கள் இடைஞ்சலாகின்றன. பட்டி கால்களின் மேல் விழுகிறது, பையின் வெளிப்புறச் சட்டைப்பைகள் சிலவற்றை அது மூடியும் விடுகிறது. வண்டிக்கென்றே செய்யப்பட்ட பையில் அடிப்பாகம் தட்டையாக இருக்கும், பெரிய சட்டைப்பைகள் எல்லாம் வெளிப்பக்கம் பார்த்திருக்கும், பட்டி உட்புறமாக ஊடுருவிச் செல்ல வழி விட்டிருப்பார்கள். சன் மவுண்டன் நிறுவனத்தின் சி-130 என்ற பையைப் பலர் விரும்புவதற்கு அந்தப் பட்டி வழி ஒரு முக்கியமான காரணம்.

மைதானத்தில் கிடைக்கும் வசதியைப் பொறுத்தவரை ரெக்சீன் பைக்கும் துணிப் பைக்கும் இடையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. விதிப்படி ஓர் ஆட்டத்துக்கு 14 மட்டைகளுக்கு மேல் கொண்டுபோக முடியாது; இந்த விலைத் தரத்தில் இரண்டு வகையிலும் 14 தனி அறைகள் கிடைக்கின்றன. அறைச் சுவர்கள் அடிவரை போகின்றனவா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். மேல்வாயில் மட்டும் பிரித்துவிட்டு உள்ளே திறந்து விட்டிருந்தால், கைப்பிடிகள் ஒன்றோடொன்று சிக்கி மட்டையை இழுத்தெடுப்பதே ஒரு வேலையாகிவிடும். குளிர்பானத்துக்கான உறையிட்ட பை, மழைக்கவசம், குடை செருகும் இடம் எல்லாம் இரண்டிலும் உண்டு.

எடையில் வேறுபாடு இருக்கிறது. துணிப் பை வெறுமையாக 3 கிலோகிராம் அளவில் நிற்கும். செயற்கைத் தோலில், குறிப்பாகத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பையை ஒத்த பெரிய வடிவங்களில், அது 4 கிலோகிராமைத் தாண்டிவிடும். மைதானத்தில் வண்டிதான் சுமக்கிறது என்பதால் இது பொருட்டில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் யாழ்தேவி ரயிலில் ஏற்றி இறக்குவதும், வாகன் ஆர் வாகனத்தின் பின் இருக்கையை மடித்துச் சாய்த்து வைப்பதும், வீட்டுப் படியேற்றுவதும் வண்டி செய்து தரும் வேலைகள் அல்ல.

இனி என் முடிவைத் தீர்மானித்த விடயத்துக்கு வருகிறேன். இன்று கடைகளில் உயர்தரம் என்று வரும் செயற்கைத் தோலில் பெரும்பாலானது, துணி ஒன்றின் மேல் பொலியூரத்தேன் படலம் பூசப்பட்ட பொருள். அந்தப் படலத்தின் மூலக்கூறுச் சங்கிலியில், விலை குறைந்த வகைகளில், எஸ்தர் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றிலுள்ள ஈரம் அந்தப் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கிறது. உடையும்போது உண்டாகும் அமிலம் அடுத்த உடைவை இன்னும் விரைவாக்குகிறது. வேதியியலில் இதை நீர்ப்பகுப்பு என்கிறார்கள். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் வேகம் கூடுகிறது. முதலில் மேற்பரப்பு பிசுபிசுக்கும், பிறகு நுண்ணிய வெடிப்புகள் தோன்றும், கடைசியில் செதில் செதிலாக உரியும். கூடத்தில் கிடக்கும் ரெக்சீன் செற்றி சில வருடங்களில் உரிந்து, இருப்பவர்களின் சட்டையில் கறுப்புப் பொடியாக ஒட்டுவதை யாழ்ப்பாணத்தில் காணாதவர் இருக்க முடியாது. அங்கே நடப்பதும் இதேதான்.

இதில் கவனிக்கவேண்டிய சங்கதி, பையைப் பாவிக்காமல் வைத்திருப்பது அதைக் காப்பாற்றுவதில்லை என்பது. தேய்மானத்தால் வரும் பழுது என்றால் குறைவாக ஆடுபவருக்கு இலாபம். பையும் அதற்கேற்ப நீடிக்கும். நீர்ப்பகுப்போ பை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. உறை போட்டு மூடி, காற்றோட்டம் இல்லாத அறையில் பத்திரப்படுத்தினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுவதால் நிலைமை மோசமாகவும் கூடும். குடாநாட்டில் கடலிலிருந்தோ கடனீரேரியிலிருந்தோ வெகுதூரத்தில் எந்த வீடும் இல்லை. ஐப்பசியில் மழை தொடங்கி மார்கழி வரை சுவரே வியர்க்கும் காலத்தில், மூடிய அறையில் நிற்கும் பைக்கு இதைவிடக் கெட்ட சூழலைத் தேடிப்பிடிக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஆடும் வெளிநாட்டுக்காரருக்கு அவருடைய பை எந்த நிலையில் தாங்கும் என்பது, எப்போதாவது ஆடும் எங்களுக்கு வழிகாட்டியாகாது.

பொலியீதர் வகையிலும் பொலிகார்பனேற்று வகையிலும் அமைந்த பொலியூரத்தேன் நீர்ப்பகுப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் பையின் விவரச் சீட்டில் எது பாவிக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருப்பது அரிது. ‘உயர்தரச் செயற்கைத் தோல்’ என்ற அளவோடு நிறுத்திவிடுவார்கள். விலையை வைத்து ஊகிப்பதும் ஆபத்தானது.

துணிப் பைக்கு இந்த நோய் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். நீர் புகாமலிருக்கத் துணியின் உட்புறத்திலும் மெல்லிய பொலியூரத்தேன் பூச்சு இருக்கும். அதுவும் காலப்போக்கில் ஒட்டத் தொடங்கி உதிரும். வேறுபாடு என்னவென்றால், ரெக்சீன் பையில் உரிவது முகம். துணிப் பையில் உரிவது உள்ளங்கி. பூச்சுப் போன துணிப் பை மழைத்தண்ணீரை உள்ளே விடும், ஆனால் மட்டைகளைச் சுமக்கும், பார்க்கவும் பையாகவே இருக்கும். உள்ளே உதிர்ந்ததைத் தூரிகையால் தட்டிவிட்டுத் தொடர்ந்து பாவிக்கலாம். உரிந்த ரெக்சீனைத் திருத்துவதற்கோ வழியில்லை. யாழ்ப்பாணத்தின் கஸ்தூரியார் வீதியிலோ திருநெல்வேலியிலோ எந்தத் தையற்காரரிடம் கொண்டுபோனாலும், துணியில் விட்ட தையலை அவர் அரை மணி நேரத்தில் போட்டுத் தருவார். உரிந்த முகத்தைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்.

சட்டைப்பைகளைத் திறந்து மூடும் சிப் (ஜிப்) விடயத்திலும் இதே ஈரமும் உப்பும்தான் தீர்ப்புச் சொல்கின்றன. உலோகப் பல்லுள்ள சிப், உப்புக் காற்றில் பச்சை பூத்து இறுகும். நைலோன் சுருள் அல்லது வார்த்த பிளாஸ்ரிக் பல்லுள்ளதைத் தேர்ந்தெடுத்தால் இழுவை மட்டுமே உலோகமாக இருக்கும்; அதையும் மெழுகுதிரியால் இடைக்கிடை தேய்த்துவிட்டால் போதும். நீர் புகாத சிப் என்று வரும், மேலே பளபளப்பான படலம் ஒட்டிய வகையில் அந்தப் படலமே சில வேளை பொலியூரத்தேன்தான் என்பதால், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

துடைப்பதில் ரெக்சீன் ஒரு படி மேலே நிற்கிறது. ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். துணிப் பையைக் கழுவத்தான் வேண்டும், அதிலும் சுண்ணக்கல்லில் ஊறி வரும் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் காய்ந்தபின் கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். நான் மழைநீரைப் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு அதைப் பாவிக்கிறேன். கறுப்புக்குப் பதிலாகச் சாம்பல் நிறம் எடுத்தால் இந்தத் தொல்லையும் பாதியாகும்.

தோற்றம் என்று வந்தால் போட்டியே இல்லை. நிமிர்ந்து நிற்கும் விறைப்பும், தையல் வேலைப்பாடும், பெயர் பொறித்த அழகும் ரெக்சீன் பைக்கே உரியவை. கொழும்பில் குளிரூட்டிய வீட்டில் இருந்து, மாதம் சில தடவை ஆடி, சில வருடங்களில் பை மாற்றிக்கொள்ளும் ஒருவர் அதை வாங்கினால் நான் மறுத்துப் பேசமாட்டேன். மறுவிற்பனையை எண்ணி வாங்குவதென்றால் இரண்டுமே ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் பழைய கோல்ஃப் பைக்குச் சந்தை கிடையாது.

தையலே இல்லாமல் உருக்கி ஒட்டிய, முற்றாக நீர் புகாத துணிப் பைகளும் வருகின்றன. ஸ்கொட்லாந்து மழைக்கென்று எண்ணிச் செய்தவை போலத் தெரிகிறது. மைத்துனருடையதைக் கொஞ்சம் பாவித்ததோடு சரி என்பதால், அந்த ஒட்டு எங்கள் வெயிலில் எத்தனை வருடம் பிடித்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. கையில் எடுத்தபோது நன்றாகவே இருந்தது.

இத்தரத்துப் பைகள் வெளியில் ஏறத்தாழ 250 முதல் 400 அமெரிக்க டொலர் வரை போகின்றன. பெரும்பாலும் ஊருக்கு வரும் உறவினர்தான் கொண்டுவருகிறார். அவரிடம் நிறத்தையும் விலையையும் மட்டும் சொல்லி அனுப்பாமல், தயாரித்த வருடத்தையும் பார்க்கச் சொல்லவேண்டும். பாதி விலையில் தள்ளுபடிக்கு வரும் பழைய வடிவம், ரெக்சீனாக இருந்தால், களஞ்சியத்திலேயே ஆயுளின் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்டு வருகிறது. துணியாக இருந்தால் அந்தத் தள்ளுபடியைத் தயங்காமல் எடுக்கலாம். என்னுடையதும் அப்படி வந்த பழைய வடிவம்தான். அதை உறை போடாமல், சட்டைப்பைகளின் சிப்புகளைத் திறந்துவிட்டு, யன்னல் பக்கமாகவும் நேர் வெயில் படாமலும் நிறுத்தியிருக்கிறேன். மாரியில் உள்ளே போடும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை, நிறம் மாறியதும் நன்றாகக் காயவைத்து மீண்டும் போடுகிறேன்.