"வைரஸ் சார், ஃபார்மேட் போடணும்": கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டர் தானாக அணைந்து போகிறது என்று சர்வீஸுக்குக் கொடுத்தேன். மூன்று முறை போய் வந்தது. முதல் முறை ஃபார்மேட், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. இரண்டாம் முறை புது எஸ்எம்பிஎஸ், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. மூன்றாம் முறை, "மதர்போர்டு போயிடுச்சு சார், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, புதுசா ஒரு சிஸ்டம் வாங்கிடுங்க" என்றார்கள்.

கோளாறு என்ன தெரியுமா? பிராசஸரின் மேல் உட்கார்ந்திருக்கும் விசிறிக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். அதில் ஒன்று கழன்றிருந்தது. அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஆறு வருடப் போட்டோக்களையும் ஒரு 8 ஜிபி ராமையும் (மெமரி அட்டை) இழந்துவிட்டேன். பணம் தனி.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். மேசையை இடம் மாற்றிய சில நாட்களில் தொல்லை தொடங்கியது. காலையில் ஆன் செய்தால் இருபது நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல், யாரோ பிளக்கைப் பிடுங்கியது போல, பொட்டென்று அணையும். விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத்திரை இல்லை, 'ஷட்டிங் டவுன்' என்ற எழுத்தும் இல்லை. உடனே மறுபடி ஆன் செய்தால் மூன்று நிமிடம்கூடத் தாங்காது. ஒரு மணி நேரம் சும்மா விட்டுவிட்டு ஆன் செய்தால் மீண்டும் பதினைந்து, இருபது நிமிடம் ஓடும்.

இப்போது இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. சூடு என்று நெற்றியில் எழுதி ஒட்டியது போன்ற அறிகுறி இது. ஆறவிட்டால் ஓடுகிறது, ஆறவிடாவிட்டால் படுத்துவிடுகிறது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. ஆனால் இத்தனையையும் சர்வீஸ் ஆளிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "வைரஸா இருக்கும் சார், ஃபார்மேட் போட்டா சரியாயிடும்" என்றார்.

"டெஸ்க்டாப்பில் போட்டோ எல்லாம் இருக்கு" என்றேன். "அதெல்லாம் பேக்கப் எடுத்துட்டுதான் சார் பண்ணுவோம்" என்றார். எடுத்தது டி டிரைவ் மட்டும். அதைத்தான் ஃபார்மேட்டே செய்யப் போவதில்லையே! டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில்; அதில் இருந்ததெல்லாம் போயிற்று. எங்களுடையது எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், அதன் மேல் வேறு எதையும் எழுதாதவரை, மீட்பு மென்பொருள் கொண்டு ஓரளவு திரும்ப எடுக்கலாம். எஸ்எஸ்டியில் ஃபார்மேட் செய்ததும், 'இந்த இடமெல்லாம் காலி' என்று விண்டோஸ் டிஸ்க்குக்கே சொல்லிவிடும். டிஸ்க்கும் அதைத் துடைத்துவிடும். அப்புறம் தோண்டினாலும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

ஃபார்மேட் போட்டு வந்த கம்ப்யூட்டர் அன்று மாலையே அணைந்தது. திரும்பக் கொண்டுபோனேன். "அப்போ எஸ்எம்பிஎஸ்தான் சார்." மாற்றினார்கள். நான்கு நாள் அங்கேயே இருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் அணைந்தது. மூன்றாம் முறைதான் மதர்போர்டு கதை.

புது சிஸ்டத்துக்குப் பணம் புரட்டலாம் என்று உட்கார்ந்திருந்தபோது அக்கா மகன் வந்தான். கல்லூரியில் படிக்கிறான், கம்ப்யூட்டர் பாடம்கூட இல்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, விண்டோஸுக்குள்ளயே போகாம, பயாஸ்ல நின்னுட்டு இருந்தாலும் ஆஃப் ஆகுதா?"

எனக்குத் தெரியவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. ஆன் செய்யும்போதே டெலீட் பொத்தானைத் தட்டி பயாஸ் திரைக்குள், அதாவது விண்டோஸ் ஏறும் முன் மதர்போர்டே காட்டும் அமைப்புத் திரைக்குள், போனான். அங்கே ஹார்டுவேர் மானிட்டர் என்றொரு பக்கம். பிராசஸர் வெப்பநிலை ஓடிக்கொண்டிருந்தது. 71. எந்த வேலையும் செய்யாமல் நிற்கிற கம்ப்யூட்டர். 78. இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். 86. 93. நூறைத் தொட்டுச் சில நொடிகளில் திரை கறுத்தது. விசிறிச் சத்தம் அடங்கியது.

"விண்டோஸ் லோடே ஆகல மாமா. அப்புறம் எங்கேந்து வைரஸ்?"

இந்த ஒரு சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். பயாஸ் திரையிலேயே அணைகிறது என்றால் விண்டோஸ், வைரஸ், டிரைவர் மென்பொருள் எதன்மேலும் பழி போட முடியாது. ஃபார்மேட்டுக்கு வேலையே இல்லை. இதைச் செய்து பார்க்காமல் யாராவது ஃபார்மேட் என்றால் வண்டியைத் திருப்புங்கள்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்தான். மேலோட்டமாகப் பார்த்தால் விசிறி சுத்தமாகத்தான் இருந்தது. 'கிளீனிங்' என்று தனியாகப் பணமும் வாங்கியிருந்தார்கள். ஆனால் விசிறிக்குக் கீழே, அலுமினியத் தகடுகளின் இடுக்கில், தூசி கம்பளித் துணி மாதிரி ஒரு படலமாகப் படிந்திருந்தது. நகத்தால் உரித்தால் துண்டாக வந்தது. ஹீட்சிங்க்கை, அதாவது சூட்டை உறிஞ்சும் அந்தத் தகட்டுத் தொகுதியை, மெல்ல அசைத்தான். ஒரு மூலை ஆடியது. நான்கு கால்களில் ஒன்று மதர்போர்டின் துளைக்குள் இல்லை; மேலே தொங்கிக்கொண்டிருந்தது. மேசை மாற்றியபோது விழுந்த அடியில் கழன்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஒரு மூலை தூக்கிக்கொண்டதால் ஹீட்சிங்க்குக்கும் பிராசஸருக்கும் நடுவே இடைவெளி. அதற்கிடையில் இருந்து சூட்டைக் கடத்த வேண்டிய தெர்மல் பேஸ்ட் என்ற பசை காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காகிவிட்டது. சூடு மேலே ஏற வழியே இல்லை.

பிராசஸர் இந்த நிலையில் முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். பல பிராசஸர்களுக்கு அந்த எல்லை 100 டிகிரியை ஒட்டி இருக்கும். அப்படியும் சூடு ஏறினால், எரிந்துபோகாமல் இருக்க மின்சாரத்தையே துண்டிக்கச் சொல்லிவிடும். அதனால்தான் முன்னறிவிப்பே இல்லாமல் அணைகிறது. அது கோளாறு இல்லை, தற்காப்பு.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலைகளாகக் கால்களை அழுத்தினான். நான்கு முறை 'டிக்'. மீண்டும் பயாஸ் பக்கம்: 38. அரை மணி நேரம் கழித்து 41.

எஸ்எம்பிஎஸ் சந்தேகமே தப்பு என்று சொல்ல மாட்டேன். வெப்பநிலை சரியாக இருந்து, கேம் விளையாடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ மட்டும் படாரென்று அணைந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் சோதிப்பதற்கு வழி இருக்கிறது: கடையில் கிடக்கிற வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது. அப்படிச் செய்திருந்தால் அப்போதும் அணைந்திருக்கும், புதிதாக விற்றிருக்க முடியாது. (நீங்களாக எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரித்துப் பார்க்கப் போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.)

விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கிற ஈவென்ட் வியூவரையும் அக்கா மகன் திறந்து காட்டினான். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். சிவப்பு நிறத்தில் 'கர்னல்-பவர் 41' வரிசையாக நின்றது. இதைக் காட்டி 'பவர் பிராப்ளம்' என்று எஸ்எம்பிஎஸ் விற்பவர்களும் உண்டாம். உண்மையில் 41 காரணத்தைச் சொல்வதில்லை. போன முறை ஒழுங்காக மூடாமலே நின்றுவிட்டது என்று, அடுத்த முறை ஆன் ஆகும்போது விண்டோஸ் எழுதி வைக்கிற குறிப்பு மட்டுமே. அதன் விவரப் பகுதியில் பக்செக்-கோடு என்று ஒரு வரி இருக்கும். அது பூஜ்யம் இல்லாவிட்டால் நீலத்திரை வந்திருக்கிறது, ராம், டிரைவர் என்று தேடலாம். பவர்பட்டன்-டைம்ஸ்டாம்ப் பூஜ்யம் இல்லாவிட்டால் பவர் பொத்தான் அழுத்தப்பட்டுக் கிடந்திருக்கிறது. முன்பக்கப் பொத்தான் சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், காசே ஆகாது. எங்களுக்கு இரண்டுமே பூஜ்யம். அதுவும் ஃபார்மேட்டுக்குப் பிறகு வந்த பதிவுகள் மட்டும்தான் இருந்தன. ஃபார்மேட் போட்டதில் தடயமும் சேர்ந்து போயிருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, "மாமா, உங்க சிஸ்டம் 8 ஜிபியா?" என்றான். இல்லை, 16. எட்டு எட்டாக இரண்டு போட்டு வாங்கியது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பார்த்தால் 8 ஜிபி, இரண்டில் ஒரு ஸ்லாட்தான் பயன்பாட்டில். கதவைத் திறந்து பார்த்தால் ஒரு ஸ்லாட் காலி. அதில் தூசிகூட இல்லை.

அந்தப் புது எஸ்எம்பிஎஸ்ஸும் வேடிக்கைதான். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இருந்தது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 500 வாட். அதே ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை: 12 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 192 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் உறிஞ்சுவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான். பெரிய எண் விற்பதற்கு, சின்ன எண் ஓடுவதற்கு.

மறுநாள் போனேன். எஸ்எம்பிஎஸ்ஸை மேசைமேல் வைத்து, பழையதைக் கொடுங்கள் என்றேன். "அது ஸ்கிராப்ல போயிருக்கும் சார்." நான் நகரவில்லை. உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தார். எங்களுடையதில் எல்லா ஒயரும் கறுப்பு, இதில் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. இன்னொன்று வந்தது, அதுவும் இல்லை. மூன்றாவதாக வந்தது எங்களுடையது. ஸ்கிராப்பில் போகவே இல்லை. துடைத்து அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். விற்கத்தான் என்று நினைக்கிறேன். புதியதைத் திருப்பிக்கொண்டு பாதிப் பணம் தந்தார்கள். ஃபார்மேட், கிளீனிங் காசு திரும்பவில்லை.

"ராம்?"

"ஒண்ணுதான் சார் இருந்துச்சு. நீங்க மறந்திருப்பீங்க."

வாங்கியபோது கொடுத்த பில்லைக் காட்டினேன். "அது வாங்கினப்போ சார். எங்ககிட்ட கொடுத்தப்போ என்ன இருந்துச்சுன்னு ஜாப் கார்டுல பாருங்க" என்றார். கொடுக்கும் முன் பக்கக் கதவைத் திறந்து, ராம், டிஸ்க், எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்களைச் சீரியல் நம்பர் தெரிய நாலு போட்டோ எடுத்து, அவர்களை வைத்தே ஜாப் கார்டில் (பொருளை வாங்கும்போது அவர்கள் எழுதும் சீட்டு) எழுத வைத்திருந்தால் இந்தப் பேச்சு அவர் வாயிலிருந்து வந்திருக்காது. அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலேயே கம்ப்யூட்டர் இப்போது நாள் முழுக்க ஓடுகிறது, 8 ஜிபியோடு. ஜாப் கார்டையும் எடுத்துப் பார்த்தேன். 'சிபியு 1, ஆஃப் ஆகுது' என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து.