ராணுவ குவார்ட்டர்ஸில் இருக்கிறீர்களா? ‘வேலை முடிந்தது’ சீட்டில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கூரைப் பூச்சு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து பையனின் கட்டிலில் விழுந்தது. நல்ல காலம், அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான். கணக்கு நோட்டு மட்டும் கட்டிலில் கிடந்தது. அதற்குப் பதினோரு நாள் முன்னால்தான், அதே இடம் ரிப்பேர் செய்து முடிக்கப்பட்டது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அது போதாதென்று கையிலிருந்து 4,500 ரூபாயும் கொடுத்திருந்தேன்.

வீட்டுக்காரர் பட்டாளத்தில் ஹவில்தார். இப்போது குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத ஃபீல்டில் இருக்கிறார். நானும் பையனும் வடக்கே ஒரு கன்டோன்மென்டில், மேல் மாடி குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். ஊர்ப் பெயரையும் கான்ட்ராக்டர் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் வம்பு வீட்டுக்காரர் தலையில்தான் விடியும். நம் ஊரிலிருந்து கல்யாணமாகி நேராக கன்டோன்மென்டுக்கு வந்து இறங்குகிற பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தி சரியாக வராது, வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்க மாட்டார், யூனிஃபார்ம் போட்டவர் யார், போடாதவர் யார் என்று புரிவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். குவார்ட்டர்ஸைக் கட்டுவதும் பராமரிப்பதும் எம்.இ.எஸ். என்ற ராணுவப் பொறியியல் துறை. சுவர், தளம், கதவு, ஜன்னல் என்றால் அதில் பி/ஆர் என்ற கட்டிடப் பிரிவு. கரன்ட், மோட்டார் என்றால் ஈ/எம் என்ற மின்சாரப் பிரிவு. புகார் எழுதினால் ஒரு நம்பர் கொடுப்பார்கள். ஆனால் கரண்டியோடு வீட்டுக்கு வருவது பெரும்பாலும் கான்ட்ராக்டரின் ஆட்கள். எங்கள் ஸ்டேஷனில் வேலை முடிந்ததும் சீட்டில் குடியிருப்பவரின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் கான்ட்ராக்டரின் பில் நகரும். இந்த ஒரு விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் மிச்சம் எதுவும் நடந்திருக்காது.

நடந்தது இதுதான். ஜூன் கடைசியில் பையன் அறையின் மூலையில், கூரையும் சுவரும் சேருகிற இடத்தில், டீ கொட்டினாற்போல ஒரு கறை. ஒரு வாரத்தில் பெயின்ட் கொப்பளித்து, கீழே வெள்ளையாக உப்புப் பூத்தது. புகார் கொடுத்தேன். நாலாம் நாள் இரண்டு பையன்கள் அரை வாளி வெள்ளை சிமென்டோடு வந்தார்கள். மொட்டை மாடிக்குப் போகவே இல்லை. ஸ்டூல் மேல் ஏறி, உள்பக்கமாகவே கறையைச் சுரண்டினார்கள். வெள்ளை சிமென்டை இழுத்துத் தேய்த்தார்கள், மேலே ஒரு கோட் சுண்ணாம்பு. இருபத்தைந்து நிமிஷம். நான் போட்ட டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மூலை பளிச்சென்று இருந்தது, அதுதான் என்னை ஏமாற்றியது.

அப்புறம் அவர்களின் சூப்பர்வைசர் வந்தார். நல்ல மரியாதையான பேச்சு. “பாபிஜி, இஸ் பே சைன் கர் தீஜியே” என்று சீட்டை நீட்டினார். போட்டேன். போட்ட கையோடு அடுத்த பேச்சு ஆரம்பித்தது. கான்ட்ராக்டில் வருவது சாதா மருந்துதான், அது ஒரு மழைக்குத்தான் தாங்கும், வெளியே கிடைக்கிற நல்ல வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் வாங்கி மேலே அடித்தால் ஐந்து வருஷத்துக்குக் கவலை இல்லை, ஆனால் அதைச் சொந்தக் காசில்தான் செய்ய வேண்டும், பக்கத்து பிளாக்கில் எல்லாரும் செய்துவிட்டார்கள் என்றார். எல்லாரும் செய்துவிட்டார்கள் என்று சொன்னதும் எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் சொன்ன ஒரு மொபைல் நம்பருக்கு 4,500 அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, “போன்ல வந்துருச்சே, அதுவே ரசீதுதானே” என்ற அர்த்தத்தில் சிரித்தார்.

மறுநாள் ஒரு பையன் மாடிக்கு ஏறி, சாம்பல் நிறத்தில் எதையோ பிரஷ்ஷால் அடித்துவிட்டுப் போனான். பிறகு பார்த்தபோதுதான் தெரிந்தது, மேலே கிடந்த தூசி, காய்ந்த இலை எதையும் கூட்டாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறான். விரலால் இழுத்தால் வாழை மட்டை மாதிரி உரிந்து வந்தது.

பதினோராம் நாள் ராத்திரி முழுக்க மழை. மறுநாள் சாயங்காலம் பூச்சு விழுந்தது. சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். “பாபிஜி, வேலை திருப்தின்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க” என்றார். காசைப் பற்றிக் கேட்டதும் லைன் துண்டானது. அதன்பின் அந்த நம்பர் எடுக்கப்படவே இல்லை. வீட்டுக்காரருக்கு மூன்று நாள் கழித்துத்தான் லைன் கிடைத்தது. பையனுக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். அடுத்த கேள்வி, “எதுலயும் கையெழுத்துப் போட்டியா?”

இதில் எனக்கு முன்பே ஒரு பாடம் ஆகியிருந்தது, அதுதான் கூடுதல் எரிச்சல். முந்தைய ஸ்டேஷனில் குடியேறும்போது, மார்ச்சிங் இன் என்று ஒரு லிஸ்ட் கொண்டு வந்தார்கள். ஃபேன் இத்தனை, ஜன்னல் கண்ணாடி இத்தனை, எல்லாம் நல்ல நிலையில் என்று இருந்தது. லாரியிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தது, பையன் அழுதுகொண்டிருந்தான், பார்க்காமல் போட்டுவிட்டேன். பின்பக்க ஜன்னலில் மூன்று கண்ணாடி அன்றைக்கே விரிசல். மூன்று வருஷம் கழித்துக் காலி செய்யும்போது அது எங்கள் கணக்கில், பேரக் டேமேஜ் என்று, அதாவது குடியிருந்தவர் செய்த சேதம் என்று. பெரிய தொகை இல்லை, ஆனால் சண்டை போடக் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. அது யார் தப்பும் இல்லை, என் தப்புதான்.

சரி, கூரைக்கு வருகிறேன். இந்தத் தடவை புகாரை எழுதிக் கொடுத்து, போட்டோ வைத்து, யூனிட் மூலமாக அனுப்பினோம். எம்.இ.எஸ்.ஸிலிருந்து ஒரு ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினியர், நேரில் வந்தார். ரிடையர் ஆகப் போகிற வயது. வந்ததும் என்னிடம் கேட்டது, “மேடம், பூரிக்கட்டை இருக்கா?” எடுத்துக் கொடுத்தேன். ஸ்டூலில் ஏறி அதன் முனையால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கல்லைத் தட்டினாற்போல ‘டக் டக்’. மூலையை நெருங்க நெருங்க ‘டொப் டொப்’ என்று காலிப் பெட்டியைத் தட்டுகிற சத்தம். அங்கெல்லாம் பூச்சு கான்கிரீட்டை விட்டுப் பிரிந்து, சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம். சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டார். விழுந்தது ஒரு தட்டு அளவு; கோட்டுக்குள் வந்தது கட்டிலில் பாதி. அத்தனை நாள் அதற்குக் கீழேதான் பையன் தூங்கியிருக்கிறான்.

அப்புறம் மாடிக்கு அழைத்துப் போனார். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற இடத்தில் சிமென்டால் வளைவாகக் கட்டியிருப்பார்களே, கோலா என்பார்கள், அது நீளத்துக்கு வெடித்திருந்தது. மழைநீர் இறங்குகிற குழாயின் வாயில் இலையும், கட்டும்போதே போட்ட சிமென்ட் கட்டியும் அடைத்திருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் குளமாக நின்று, வெடிப்பு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. “ஓட்டை மேல. மருந்து கீழ போட்டா எப்படி?” என்றார்.

பெயர்ந்த இடத்தில் கம்பியும் தெரிந்தது. கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடாக்கு மிகக் குறைவு, கட்டும்போதே நடந்த குறை. தண்ணீர் பட்டதும் துரு ஏறுகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அது உப்பி கான்கிரீட்டைத் தள்ளுகிறது. உள்பக்கம் வெள்ளை சிமென்ட் தேய்த்தால் இதில் ஒன்றும் நிற்காது.

சரியான ரிப்பேர் எப்படி நடந்தது என்று கூடவே நின்று பார்த்தேன். முதலில் குழாய் வாயைச் சுத்தம் செய்தார்கள். பழைய கோலாவைக் கொத்தி எடுத்து, வெடிப்பை ‘வி’ வடிவத்தில் அகட்டி, பாலிமர் கலந்த கலவையால் அடைத்து, புதிதாகக் கோலா கட்டி, அது இறுகும்வரை ஈரமாகவே வைத்திருந்தார்கள். பிறகு குழாய் வாயை மூடி, மாடியில் தண்ணீரைத் தேக்கி இரண்டு நாள் விட்டார்கள். கீழே ஒரு சொட்டும் இல்லை என்று பார்த்த பிறகுதான் உள்பக்கத்தைத் தொட்டார்கள். ‘டொப்’ என்ற இடம் முழுவதையும் தட்டி உதிர்த்து, கம்பித் துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துருத் தடுப்பு பூசி, காயவிட்டுக் கலவை போட்டார்கள். ஒன்பது நாள் ஆனது. இதற்கு என்னிடம் ஒரு பைசாகூட யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது என்று அந்த ஜே.இ.யே சொன்னார். 4,500-க்குப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.

ஓதம்தானே, எல்லா வீட்டிலும் இருப்பதுதானே என்று விட்டுவிடாதீர்கள். கொச்சி சில்வர்சாண்ட் தீவில் ராணுவத்தினருக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் என்று கட்டிய சந்தர் குஞ்ச் ஆர்மி டவர்ஸ் செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். 2018-இல் குடியேறிய கட்டிடம். பி, சி ஆகிய இரண்டு டவர்களில் 208 வீடுகள். கான்கிரீட் உதிர்ந்து, விரிசல் விட்டு, கடைசியில் 2025 பிப்ரவரியில் அந்த இரண்டையும் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொல்லி கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரிடையர்மென்ட் பணத்தில் ஃபிளாட் வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் வருஷத்து ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, கையில் வாங்கிய ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், கட்டியவர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். எழுத்தில் கொடுத்து, தேதியோடு நகல் வைத்திருங்கள்.

குவார்ட்டர்ஸில் குடியேறும் அன்றைக்கு நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். சாமானை இறக்குவதற்கு முன்னால் காலி வீட்டில் ஒரு சுற்று பூரிக்கட்டையோடு போய்விடுவேன். பாத்ரூமில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பேன். இல்லையென்றால் பையனின் கோலிக்குண்டை நடுவில் வைத்துப் பார்ப்பேன். இந்த வீட்டில் குண்டு தண்ணீர் போகிற ஓட்டைப் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் உருண்டு ஹாலுக்கே வந்துவிட்டது! தரைச் சாய்வே தலைகீழ். அதையும் லிஸ்டில் என் கைப்பட எழுதி, போட்டோ எடுத்து, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். ரிப்பேர் சீட்டைக் கொண்டு வந்தால், “ஒரு மழை பெய்யட்டும் பையா” என்பேன். ரொம்ப வற்புறுத்தினால் கையெழுத்துக்கு மேலே ‘உள்பக்கம் மட்டும் பூசப்பட்டது, மாடி பார்க்கப்படவில்லை’ என்று தமிழிலேயே எழுதிவிடுவேன். தமிழ் தெரியாதவர்கள் அதைப் பார்த்துத் திகைப்பதே தனி சுகம்.

நேற்று கீழ் வீட்டுத் திருநெல்வேலி அக்கா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். கிச்சன் சுவரைப் பூச இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்களாம், அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சீட்டோடு வாசலில் நிற்கிறார்களாம். “நீ செத்த கீழ வாயேன்” என்றார். பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.