20 டன் எக்ஸ்கவேட்டர்: பிரஷர் தங்கம், ஃபில்டர்லதான் வயித்தெரிச்சல்

மாப்ள ஒருத்தன் எங்க 20 டன் எக்ஸ்கவேட்டர் மாடலையே செகண்ட்ஸ்ல எடுக்கலாமான்னு கேட்டான், அவனுக்குச் சொன்னதை எல்லாருக்குமே எழுதிடறேன். பக்கெட் சைஸ், டீசல் கணக்கெல்லாம் தெரிஞ்சதுதான், ஹைட்ராலிக் (ஆயில் பிரஷர்ல வண்டியோட கையை இயக்கற அமைப்பு) மட்டும் பேசறேன்.

க.பரமத்தி பக்கம் குவாரில பாதி நேரம் பிரேக்கர் (பாறை உடைக்கற சுத்தியல்) மாட்டித்தான் ஓடுது. மெயின் ரிலீஃப் (பிரஷர் எல்லை தாண்டாம காக்கற வால்வு) செட்டிங் 343 பார், இத்தனை வருஷமா அந்த ஸ்க்ரூவை யாரும் தொட்டதே இல்லை. பம்ப்புதான் பிரஷர் குடுக்குதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, பம்ப்பு ஆயிலைத் தள்ளும் அவ்வளவுதான், எதிர்ல பாறை மறிச்சாதான் பிரஷர் ஏறும், எல்லை தாண்டுனா ரிலீஃப் தொறந்து டேங்குக்கு விட்டுடும். இந்த வண்டி அதைச் செய்யற விதம் அவ்வளவு நைசா இருக்கும்ங்க, பல்லு பாறைல மாட்டுனாகூட உதறாது.

போன மாசம் மதியத்துக்கு மேல பூம் (வண்டியோட பெரிய கை) தூக்கவே மாட்டேங்குது, காலைல நல்லாத்தான் இருக்கு. வந்த மெக்கானிக் பம்ப்பு போச்சு இறக்கணும்னுட்டாரு. கேஜ் மாட்டி, பக்கெட்டை முழுசா மடிச்சு லீவரை விடாம புடிச்சுப் பாத்தா 290 கிட்ட நிக்குது, ஆர்முக்கும் (முன்கை) பூமுக்கும் அதே 290. எல்லாம் ஒரே அளவுல வந்து நின்னா மொதல்ல மெயின் ரிலீஃபைத்தான் சந்தேகப்படணும். கழட்டுனா பாப்பெட் (வால்வை அடைக்கற மூடி) உக்கார்ற சீட்டுல நகம் மாட்டற அளவுக்கு ஒரு கீறல், ஓரத்துல பித்தளை கலர்ல ஒரு துணுக்கு. அந்தக் கீறல் வழியா ஆயில் வேலை செய்யாமலே டேங்குக்கு ஓடுது, ஓடற ஆயில் சூடாகுது, சூடானா நீத்துப்போய் இன்னும் ஓடுது.

பழைய ரிட்டர்ன் ஃபில்டரை (டேங்குக்குத் திரும்பற ஆயிலை வடிகட்டறது) அறுத்துப் பாத்தேன், மடிப்புக்குள்ள பூரா அதே மினுக்கு. ஃபில்டர் அடைச்சா உள்ள இருக்கற வடிதாள் கிழியாம இருக்க பைபாஸ்னு ஒரு மாத்துவழி தொறந்துக்கும், அதுக்கப்புறம் ஆயில் வடிகட்டாமலே டேங்குக்குப் போகும். பம்ப்பு உறிஞ்சற இடத்துல இருக்கற சல்லடைக்கு பெரிய தூசிதான் மாட்டும், வால்வுக்குள்ள நகர்ற ஸ்பூல் தண்டுக்கும் பாடிக்கும் நடுவுல இடைவெளியோ சில மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). 40 மைக்ரானுக்குக் கீழ கண்ணுக்கே தெரியாது, சுத்தமா தெரியற ஆயிலே வால்வைத் தின்னும்.

எரிச்சல் என்னன்னா, பைபாஸ் தொறந்தது ஓட்டறவனுக்குத் தெரியாது, வண்டி வழக்கம்போல ஓடும். இந்த மாடல்ல ஃபில்டர் ஹெட்ல ஒரு அடைப்பு இண்டிகேட்டர் கிடையாது! டிஸ்ப்ளேல எதெதுக்கோ அலாரம் இருக்கு, இதுக்கு இல்லை. பிரேக்கர் ஓட்டுனா சீக்கிரம் மாத்தணும்னு மேனுவல்ல இருக்கு, அது நியாயம்தான், அப்படித்தான் மாத்துனோம். ஆனா சிலிண்டர் நீளும்போதெல்லாம் டேங்க் ஆயில் எறங்கி பிரீதர் (டேங்குக்குக் காத்து போற வழி) வழியா குவாரி தூசியை இழுக்குதே, அது ஹவர் மீட்டர் (வண்டி ஓடுன மணிக்கணக்கு) பாத்தா வருது?

ரிலீஃப் கார்ட்ரிட்ஜ் மாத்தி, ஆயில் ஃப்ளஷ் பண்ணி, ஃபில்டர் ஹெட்ல நானே ஒரு கேஜ் போட்டுட்டேன். இப்ப சூட்டுலயும் 340க்கு மேல நிக்குது. இழுவைல இதுக்கு மேல ஒரு வண்டி நான் பாக்கலை. ஆனா செகண்ட்ஸ் வண்டி பைபாஸ் தொறந்தே ஓடுனதான்னு தெரியாதுல்ல, அதான் மாப்ளகிட்ட வேண்டாம்னுட்டேன்.