சவாஜா, ப்ளூ டி ஷனேலா?

முதல்முறை நல்ல பெர்ஃப்யூம் வாங்கப் போகிறவர் கையில் கடைக்காரர் பெரும்பாலும் அடித்துவிடுவது இந்த இரண்டைத்தான். 2015-இல் வந்த டியோர் சவாஜ் எடுத்த எடுப்பிலேயே ஆளை இழுக்கும்: பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் புளிப்பு, மிளகுக் காரம், அப்புறம் மணிக்கணக்கில் நிற்கும் ஆம்ப்ராக்ஸன் என்ற செயற்கை மணப்பொருள். கொஞ்சம் கூடிப்போனால் லிஃப்டில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலிதான்.

2010-இல் ஜாக் போல்ஜ் உருவாக்கிய ப்ளூ டி ஷனேல் அடக்கமானது. முதலில் எலுமிச்சை, இஞ்சி. சாம்பிராணியும் தேவதாருவும் மெதுவாகத்தான் எட்டிப்பார்க்கும். அதனால் கடையில் மணம் தடவித் தரும் காகிதப் பட்டையை முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். மணிக்கட்டுக்கு ஒன்றாக அடித்து, தேய்க்காமல், வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஆபீஸுக்கு என் ஓட்டு ஷனேலுக்கே. கல்யாண வரவேற்புக்கு சவாஜ் சரி.