காந்திபுரத்தில் விற்கும் கம்பேட்டிபிள் லேப்டாப் பேட்டரி: வாங்கலாமா, வேண்டாமா?

லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை என்று கோவை காந்திபுரத்திலோ ஈரோட்டிலோ திருப்பூரிலோ ஒரு கடைப்படி ஏறினால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பேட்டரி போயிருச்சுங்க, மாத்திரலாங்க." கம்பெனி அசல் வேண்டுமா, கம்பேட்டிபிள் போதுமா என்பது அடுத்த கேள்வி. லேப்டாப் செய்த கம்பெனி அல்லாமல் வேறொருவர் அதே அளவில், அதே கனெக்டரில் செய்து விற்பதுதான் கம்பேட்டிபிள். மாடலைப் பொறுத்து 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அசல் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. பார்த்து வாங்கினால் கம்பேட்டிபிள் கொடுத்த காசுக்கு உழைக்கும். ஆனால் கெட்டது பேட்டரிதான் என்று முதலில் உறுதியாக வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பேட்டரியும் தண்டச் செலவு.

முதல் சந்தேகம் அடாப்டர் மேல் வர வேண்டும். டெல், எச்பி அடாப்டரின் உருண்டை முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஊசி போல ஒரு பின் இருக்கும். வெளிவளையம் மைனஸ், உள்வளையம் பிளஸ். கரண்ட் இந்த இரண்டில்தான் போகிறது. நடுப்பின் இருப்பது, 'நான் இத்தனை வாட்' என்று லேப்டாப்புக்குச் சொல்ல. டெல் அடாப்டருக்குள் இதற்கென்றே ஒரு சின்ன மெமரி சிப் உண்டு. அந்தத் தகவல் கம்பி மற்ற இரண்டையும்விட மெலிசு. முனையை ஒட்டிக் கேபிள் மடிந்து மடிந்து முதலில் அறுவது அதுதான். அறுந்தால் லேப்டாப் ஓடும், விளக்கு எரியும், பேட்டரி மட்டும் ஏறாது. புராசஸரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டெல்லில் ஆன் செய்ததும் அடாப்டர் வகை தெரியவில்லை என்று எச்சரிக்கை வரும். எஃப்2 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் வருமுன்பே லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) போனால், அடாப்டர் வரியில் 65 வாட் என்று இருக்க வேண்டிய இடத்தில் அன்னோன் என்று நிற்கும். பின் வளைந்தாலும் உடைந்தாலும் இதே அறிகுறிதான்.

மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட் ரேஞ்சில் வைத்து, சிவப்பை உள்வளையத்திலும் கருப்பை வெளிவளையத்திலும் தொட்டால் 19.5 வர வேண்டும். கேபிளை அசைக்கும்போது எண் துள்ளினால் அடாப்டரை மாற்றுங்கள். தொடும்போது கை நிதானமாக இருக்கட்டும்: மீட்டர் முனை உள்வளையத்தையும் நடுப்பின்னையும் சேர்த்துத் தொட்டால் 19.5 வோல்ட் நேராக அந்த மெமரி சிப்புக்குப் போய் அது செத்துவிடும். இன்னொன்று, 19.5 வந்துவிட்டதாலேயே அடாப்டர் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. தகவல் கம்பி அறுந்த அடாப்டரும் அதே எண்ணைத்தான் காட்டும். அதே வாட் உள்ள வேறொரு அசல் அடாப்டரைப் போட்டுப் பார்ப்பதே முடிவான சோதனை. இதைச் செய்யாமல் பேட்டரியை மாற்றச் சொல்லும் கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

டைப் சி லேப்டாப்பில் 65 வாட் என்றால் 20 வோல்ட், 3.25 ஆம்பியர். 5 வோல்டும் 9 வோல்டும் மட்டும் தரும் போன் சார்ஜரைச் செருகினால் பெரும்பாலான லேப்டாப்புகள் கண்டுகொள்ளாது. எல்லா டைப் சி போர்ட்டும் சார்ஜ் வாங்கும் போர்ட்டும் அல்ல.

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சோமனூர், பல்லடம் பக்கத் தறிக்கூடங்களிலும் ஓடும் லேப்டாப்புகளுக்குத் தனியாக ஒன்று பார்க்க வேண்டும்: பஞ்சு. அடாப்டர் முனை செருகும் டிசி ஜாக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் மெத்தை போல் அமுங்கிக் கிடக்கும். முனை முழுதாக உள்ளே போகாமல் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். அடாப்டரைக் கழற்றிவிட்டு மரப் பல்குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம். அதே பஞ்சு ஃபேனுக்கு எதிரே இருக்கும் ஹீட்சிங்க் இடுக்குகளை அடைத்தால் வெப்பம் வெளியேறாது. பேட்டரிக்குள் வெப்பத்தைப் பார்க்க ஒரு தெர்மிஸ்டர் உண்டு. உள்ளே சார்ஜைச் சேமித்து வைக்கும் செல் சுமார் 45 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான பேட்டரி பேக்குகள் சார்ஜை நிறுத்திவிடும். சித்திரை வெயிலில் கரூரிலும் ஈரோட்டிலும் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும்போது, கட்டில் மெத்தை மேல் வைத்த லேப்டாப்புக்கு அந்த 45 தூரமில்லை. பகலில் ஏறாத சார்ஜ் விடியற்காலையில் ஏறுகிறதென்றால் பேட்டரியை விட்டுவிட்டு ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள்.

60 சதவீதத்திலோ 80 சதவீதத்திலோ சரியாக நிற்கிறதா? அது பெரும்பாலும் கோளாறு இல்லை. லெனோவோவின் வேன்டேஜ் செயலியில் கன்சர்வேஷன் மோடு, ஆசுஸின் மைஆசுஸில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங் என்று, செல் நீடிக்க சார்ஜை நடுவிலேயே நிறுத்தும் வசதி இருக்கிறது. டெல், எச்பி பயாஸிலும் இதுபோல உண்டு. அணைத்தால் 100 வரை ஏறும். எப்போதும் கரண்ட்டிலேயே இருக்கும் ஆபீஸ் லேப்டாப் என்றால் அணைக்காமல் விடுவதே நல்லது.

பேட்டரியே இல்லை என்று விண்டோஸ் காட்டினால் ரீசெட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து அடாப்டரைப் பிடுங்கி, கழற்றும் வகை பேட்டரியானால் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு அடாப்டரை மட்டும் செருகி ஆன் செய்து, மறுபடி அணைத்துப் பேட்டரியைப் போடுங்கள். சார்ஜைக் கவனிக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் சிக்கிக்கொண்டிருந்தால் இதிலேயே விடுபடும். பல திங்க்பேடுகளில் அடிப்பக்கம் குண்டூசி ஓட்டை அளவில் ரீசெட் துளையே இருக்கும். அடுத்து டிவைஸ் மேனேஜரில் பேட்டரீஸ் பகுதிக்குள் போய், ஏசிபிஐ கம்ப்ளையன்ட் கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி என்ற வரியை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள். விண்டோஸ் தானே மறுபடி ஏற்றிக்கொள்ளும். பயாஸிலும் பேட்டரி தெரியவில்லை என்றால் விண்டோஸைத் தோண்டிப் பயனில்லை. பயாஸ் அப்டேட்டையும் நம்ப வேண்டாம். பேட்டரியில் குறைந்தபட்ச சார்ஜ் தெரியாமல் பெரும்பாலான கம்பெனிகளின் அப்டேட் ஓடவே ஓடாது.

2011 முதல் பள்ளி மாணவர்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப்புகள் பல வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கின்றன. அவற்றில் வரும் கோளாறு வேறு வகை. சும்மா கிடந்தாலும் பேட்டரி தானாகக் கசியும். ஒரு செல் 2.5 வோல்டுக்குக் கீழே போய்விட்டால் உள்ளே இருக்கும் பாதுகாப்புப் போர்டு வெளிவழியை மூடிவிடும். லேப்டாப்புக்குப் பேட்டரி இருப்பதே தெரியாது. ஒரு ராத்திரி முழுக்க அடாப்டரில் விட்டுப் பாருங்கள், சில பேக்குகள் மெல்ல எழும். எழாததைக் கூடுதல் வோல்ட் கொடுத்து 'ஜம்ப்' செய்து எழுப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அவ்வளவு கீழே போன செல்லுக்குள் செம்பு கரைந்து படிந்திருக்கலாம். பிறகு சார்ஜில் இருக்கும்போது ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

பேட்டரி தெரிகிறது, ஆனால் நிற்கவில்லை என்றால் ரிப்போர்ட் எடுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் powercfg /batteryreport என்ற கட்டளையை ஓட்டினால் பிரவுசரில் திறக்கும் ஒரு ஃபைல் கிடைக்கும். அதில் டிசைன் கெபாசிட்டி 41,000 மில்லிவாட்அவர், ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 16,000 என்று இருந்தால் மிச்சம் 39 சதவீதம். அந்தப் பேட்டரிக்கு விடை கொடுக்கலாம்.

இப்போது கடைக்கு வருவோம். கம்பேட்டிபிளின் தரத்தை முடிவு செய்வது செல் மட்டுமில்லை, செல்லோடு இருக்கும் போர்டு. கனெக்டரைக் கவனித்தால் ஏழெட்டு தகடுகள் தெரியும். ஓரங்களில் இருப்பவை பெரும்பாலும் பிளஸ், மைனஸ். நடுவில் இருப்பவை பேசுவதற்கானவை. அவற்றின் வழியாகத்தான் போர்டில் உள்ள கேஜ் சிப், 'இத்தனை சதவீதம், இத்தனை வோல்ட், இத்தனை டிகிரி' என்று லேப்டாப்புக்குச் சொல்கிறது. செல் நன்றாக இருந்தும் சிப் தப்பாகச் சொன்னால், 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் பொட்டென்று அணையும். மட்டமான கம்பேட்டிபிளில் அதிகம் படும் பாடு இதுதான்.

பெயரைப் பார்த்து வாங்காமல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 'டெல் இன்ஸ்பிரான் பேட்டரி' என்று ஒன்று கிடையாது. எம்5ஒய்1கே என்பது 14.8 வோல்ட், டபிள்யூடிஎக்ஸ்0ஆர் என்பது 11.4 வோல்ட். இரண்டும் இன்ஸ்பிரான்தான், ஒன்றுக்கு மற்றது ஆகாது. பழைய பேட்டரியின் லேபிளில் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். 10.8ம் 11.1ம் ஒன்றுதான், மூன்று செல் வரிசை. 14.4, 14.8 நான்கு செல். விதிவிலக்காக எச்பி 15 பிஎஸ் வரிசை ஜேசி03, ஜேசி04 இரண்டையும் ஏற்கும். முதலாவது 31 வாட்அவர், அடுத்தது 41. கடைக்காரர் 03 எடுத்துக் கொடுத்தால் 04 கேளுங்கள்.

லேபிளில் மில்லிஆம்பியர்அவரைப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அதை வோல்ட்டால் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வாட்அவர். ஒப்பிட வேண்டியது இதைத்தான். உருண்டை செல் போட்ட பேக்கில் உள்ளே இருப்பது பெரும்பாலும் 18650. ஒரு செல்லுக்கு 3,500 மில்லிஆம்பியர்அவர் அளவுதான் அதன் உச்சம், எடை சுமார் 45 கிராம். நான்கு செல் பேக் பெட்டியோடு 200 கிராமுக்கு மேல் வர வேண்டும். சமையலறைத் தராசில் 160 காட்டினால் லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே சரக்கு இல்லை. லேபிளில் ஐஎஸ் 16046 என்ற எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டால் யாருடைய பெயரில் இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். வேறு கம்பெனி பெயர் வந்தால் வாங்காதீர்கள்.

மாட்டும் வேலையைக் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள், 20 நிமிட வேலை. கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கை நெம்பி எடுக்க வேண்டும். ஸ்க்ரூக்களைக் கழற்றிய இடத்தின் வரிசையிலேயே வைக்க வேண்டும். நீளமானது குட்டை ஓட்டையில் போனால் கைவைக்கும் பலகை மேலே பொத்துக்கொள்ளும். மாட்டியதும் சொல்லுங்கள்: "ஏனுங்க, போட்டு ஒரு ரிப்போர்ட் எடுத்துக் காட்டிருங்க, அப்பறம் பணம் தர்றனுங்க." ரிப்போர்ட்டில் டிசைன் கெபாசிட்டி லேபிளோடு ஒத்துப்போக வேண்டும், எத்தனை முறை முழுக்க ஏறி இறங்கியது என்று காட்டும் சைக்கிள் கவுண்ட் சுழியோ ஒற்றை இலக்கமோ இருக்க வேண்டும். 100, 200 என்று இருந்தால் அது கழற்றிய பேட்டரி. வீட்டுக்குப் போனதும் முழுக்க ஏற்றி, 7 சதவீதம் வரை இறக்கி, நடுவில் நிறுத்தாமல் மறுபடி முழுக்க ஏற்றுங்கள். இரண்டு முறை செய்தால் கேஜ் சிப் செல்லைப் புரிந்துகொள்ளும். சாதாரண உபயோகத்தில் லேப்டாப் மணிக்கு 10 வாட்அவர் தின்னும் என்று வைத்தால், 40 வாட்அவர் பேட்டரி நான்கு மணி நேரம் வர வேண்டும். மூன்றுக்குக் கீழே வந்தால் அந்த வாரமே திருப்பிக் கொண்டு போங்கள்.

எங்கள் தீர்ப்பு இப்படி: நான்கு வருடத்துக்கு மேல் பழைய இன்ஸ்பிரான், எச்பி 15, 250 வரிசைகளுக்கு ஒரு வருட வாரண்டியும் ஜிஎஸ்டி பில்லும் தரும் கம்பேட்டிபிள் போதும். திங்க்பேடுக்கு வேண்டாம். பல மாடல்கள் தன் கம்பெனி பேட்டரிதானா என்று சோதித்து, இல்லையென்றால் ஏற்க முடியாது என்று திரையிலேயே சொல்லிவிடும். உருண்டை செல்லுக்குப் பதில் மெல்லிசான பை போன்ற செல் வைத்த பேட்டரி உள்ள விலையுயர்ந்த லேப்டாப்புக்கும் அசல்தான். பழைய பேக்கைப் பிரித்து 'செல் மட்டும் மாத்தித் தர்றேன்' என்னும் சேவை எதற்குமே வேண்டாம். செல்லைக் கழற்றும்போது கரண்ட் போய்ப் பல கேஜ் சிப்புகள் பூட்டிக்கொள்ளும், தகுந்த கருவியால் திறக்காவிட்டால் புது செல்லையும் லேப்டாப் அறியாது. நல்ல அடாப்டரும் நல்ல பேட்டரியும் போட்டும் ஏறவில்லை என்றால் மதர்போர்டில் சார்ஜிங் சிப்போ, கரண்ட்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டோ போயிருக்கும். சிப் லெவல் சர்வீஸ் என்று போர்டு போட்ட கடைக்குத்தான் போக வேண்டும்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அப்போது மேலே சொன்ன சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அப்படியே கடைக்குக் கொண்டு போங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது. கழற்றிய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள், வண்டிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். கனெக்டர் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, புதுசு வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரி கழிவு விதிகளின்படி திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. பில்லில் புதுப் பேட்டரியின் சீரியல் எண்ணை எழுதி வாங்கிய பிறகே கடையை விட்டு இறங்குங்கள்.