கறுப்புப் பூச்சுக்கு அடியில் கரைந்துகொண்டிருந்த சேஸிஸ்: வண்டியைத் துருக்காப்புக்கு விடுமுன் படியுங்கள்

வண்டியின் அடிப்பாகத்துக்குத் துருக்காப்புப் பூச்சு அடிக்கக் கொடுக்கப்போகிறவர்கள், அதிலும் கடற்கரை மணலிலும் உப்புத்தண்ணீரிலும் ஃபோர் வீல் டிரைவ் ஓட்டுகிறவர்கள், சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் பணம் கொடுத்து அடித்த பூச்சு என் வண்டியின் சேஸிஸை, அதாவது முழு வண்டியையும் தாங்கும் இரும்புச் சட்டத்தை, காக்கவில்லை. உள்ளே துரு தின்றுகொண்டிருந்ததைப் பதினொரு மாதம் என் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தது. அந்தப் பதினொரு மாதமும் என் குடும்பத்தை அந்த வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

படகு ஏற்றிய டிரெய்லரை இழுத்துப்போய், பின்பக்கமாகச் சரிவில் இறக்கி, பின்சக்கரத்தின் அச்சு நனையும் ஆழத்துக்குக் கடலுக்குள் விடுவதுதான் என் வண்டிக்கு வேலை. மூன்றாவது வருடத்தில் பின் ஸ்பிரிங் தாங்கியின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு பூக்கத் தொடங்கியது. மேலோட்டமான துருதான். கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்திருந்தால் அன்றே அடங்கியிருக்கும். அதைவிட முழுமையான வேலையாகச் செய்துவிடலாம் என்று எண்ணி, அடிப்பாகப் பூச்சுக்கென்றே நடக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன்.

உரிமையாளர் நன்றாகப் பேசினார். சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு சான்றிதழ். ‘ஆயிரம் மணி நேர உப்பு மூடுபனிச் சோதனையில் தேறியது.’ அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி சந்தேகம் போய்விட்டது. “சார், கடலுக்குள்ளேயே வண்டியை நிறுத்தி வைத்தாலும் ஒன்றும் ஆகாது. காலையில் விடுங்கள், சாயங்காலம் எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் உத்தரவாதம்” என்றார். படகு இறக்குகிற வண்டி என்பதை நான் இரண்டு முறை சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் போனபோது வண்டி லிஃப்டில் நின்றது. அடிப்பாகம் முழுவதும் ஒரே சீரான கறுப்பு, புதிய டயர் போன்ற மினுமினுப்பு, தார் வாசனை. மனம் நிறைந்துபோனது. வெறும் இரும்பு தெரியும்படி எடுத்த படங்கள் எங்கே என்று கேட்கவேண்டும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. காலையில் கழுவியதாகச் சொன்ன வண்டி மாலைக்குள் மூலைமுடுக்கெல்லாம் எப்படிக் காய்ந்தது என்றும் கேட்கவில்லை.

பதினொரு மாதம் கழித்துப் பின் ஷாக் அப்சார்பர் மாற்ற வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். “தம்பி, உள்ளே வாங்க. இதை உங்கள் கண்ணால் பாருங்கள்.”

பின்சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடத்தில் பூச்சு உப்பியிருந்தது. தோசை ஓரம் எழும்புவதுபோல் ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தது. அவர் அந்த முனையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். கையகல ரப்பர்த் தோல் அப்படியே உரிந்து வந்தது. அதன் உட்புறம் முழுவதும் துரு ஒட்டியிருந்தது. அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து அவர் மணிக்கட்டு வழியாக ஓடியது. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வண்டி கடலுக்குப் போய் ஒரு மாதம். அப்புறமும் ஈரம்! பழைய புத்தகத் தாள்போல அடுக்கடுக்காகப் பிரிந்துகொண்டிருந்த இரும்பின்மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து லேசாக அழுத்தினார். உள்ளே போய்விட்டது. அந்தச் சத்தத்தைச் சொல்லத் தெரியவில்லை. முறுகிய அப்பளம் உடைகிற சத்தத்துக்கு அருகில் வரும். ஒரு வண்டியின் முதுகெலும்பில் அந்தச் சத்தம் கேட்கக்கூடாது.

“அண்ணே, மேலே இவ்வளவு தடிமனாகப் பூச்சு இருக்கிறதே, எப்படி?” என்று கேட்டேன்.

“பூச்சுக்கு முன்னால் உப்பை எடுத்தார்களா என்று கேளுங்கள்” என்றார்.

எடுக்கவில்லை. அதுதான் முழுக் கதையும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு இரும்பை விட்டுப் போகாது; தகடுகள் சேரும் இடுக்கிலும் துருவின் துளைகளிலும் உட்கார்ந்துகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது நமக்குக் காய்ந்த நாளாகத் தெரிகிற நாளிலும் அந்த இரும்புக்கு ஈரம்தான். மேலே பூச்சு இருந்தாலும் இது நிற்காது. எந்தப் பூச்சும் நூறு சதவீதம் நீர் புகாததல்ல. நீராவி மெல்ல நுழையும். அடியில் உப்பு இருந்தால் அது தண்ணீரைப் பூச்சு வழியாகவே உறிஞ்சிக் கொப்புளம் எழுப்பும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், அதனால் அது பூச்சைத் தள்ளித் தூக்கும். தூக்கிய இடுக்கில் அடுத்த அலையின் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழி கிடையாது. பூசாத இரும்பாவது வெயிலில் காயும், கண்ணுக்கும் தெரியும்.

இதைவிட மோசமான ஒன்று இருந்தது. என் வண்டியின் சேஸிஸ் திடமான கம்பி அல்ல, உள்ளே கூடாக இருக்கும் பெட்டிக்குழாய். உள்ளே போகும் தண்ணீரும் மணலும் வெளியேற உற்பத்தியாளரே அடியில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார். என் வண்டியில் ஏழு துளைகளைத் தேடிக் கண்டுபிடித்தோம். ஐந்து துளைகள் பூச்சால் அடைபட்டிருந்தன. மெக்கானிக் ஒன்றை ஆணியால் குத்தித் திறந்ததும் ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் கொட்டியது, கூடவே ஈர மணலும் துருச்செதிலும். குழாய்க்குள் கேமராவை விட்டுப் பார்த்தோம். ‘உள்ளும் புறமும் முழுப் பாதுகாப்பு’ என்று ரசீதில் எழுதியிருந்தார்கள். உள்ளே ஒரு துளிகூடப் படவில்லை. ஓட்டை விழுந்த இடத்தில் இரும்பு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சேர்ந்தே அரிக்கப்பட்டிருந்தது.

இனி நான் சொல்லப்போவதை வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கவனிக்கவேண்டும். பின் பிரேக் பைப் சேஸிஸோடு கிளிப்பில் மாட்டியிருக்கும் இடத்திலும் அதே பூச்சை அப்படியே அடித்திருந்தார்கள். கிளிப்புக்கு அடியில் தங்கிய உப்பு மணல் பூச்சுக்குள் சிறைப்பட்டு, மெல்லிய இரும்புப் பைப்பைத் தின்றிருந்தது. கிளிப்பைக் கழற்றியதும் பிரேக் எண்ணெய் கசிந்த ஈரம் தெரிந்தது. சேஸிஸ் ஒடிவதற்கு முன் ஏதாவது கிறீச்சிடக்கூடும். பிரேக் பைப் எந்த எச்சரிக்கையும் தராமல், நாம் பலமாக மிதிக்கிற அந்த ஒரு நொடியில் வெடிக்கலாம். மாற்றும்போது செம்பு-நிக்கல் கலவையில் செய்த பைப்பைப் போடச் சொன்னேன். உப்புக்கு அது நன்றாகவே தாங்கும்.

உரிந்த துண்டையும் படங்களையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் உத்தரவாதத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஏற்கெனவே துரு இருந்த இடங்களுக்குப் பொருந்தாது. ஆண்டுப் பரிசோதனையைத் தவறவிட்டால் பொருந்தாது. உப்புநீரில் வண்டி மூழ்கினால் பொருந்தாது. கடலுக்குள்ளேயே நிறுத்தலாம் என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேட்டேன், இரண்டு காட்டினார். அந்தப் படத்தில் இருந்த வண்டிக்கு உதிரிச் சக்கரம் அடியில் தொங்கியது. என் வண்டிக்குப் பின்கதவில்.

சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் பற்றியும் பிறகு தெரிந்துகொண்டேன். ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பின் பி117 என்ற அந்தச் சோதனை 1939-இல் வந்தது. 35 டிகிரி வெப்பமுள்ள அறையில் 5 சதவீத உப்புக் கரைசலை இடைவிடாமல் தெளிப்பார்கள். சோதனைக்கு வைப்பது நன்றாகச் சுத்தம் செய்து பூசிய தட்டையான தகடு. பூச்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும். கழுவாத, துருப்பிடித்த, மணல் அடைந்த சேஸிஸின்மேல் அவசரமாக அடித்த பூச்சைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. சான்றிதழ் பொய்யல்ல, என் வண்டிக்கு அதைக் காட்டியதுதான் பொய்.

சண்டை முற்றியதும் சமாதானமாக ஒன்று தருவதாகச் சொன்னார்: பேட்டரியோடு இணைக்கும் ஒரு சிறு மின்னணுப் பெட்டி, துருவையே நிறுத்திவிடுமாம். இதற்கு ஏமாறாதீர்கள். மின்வேதியியல் முறையில் உலோகத்தைக் காப்பது உண்மையான அறிவியல்தான்; ஹம்ப்ரி டேவி 1824-இலேயே கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டுக்கு அதைச் சொன்னார். கப்பலின் அடிப்பாகத்துக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் அது வேலை செய்கிறது. காரணம், காக்கும் உலோகமும் காக்கப்படும் உலோகமும் ஒரே தண்ணீரில் அல்லது ஒரே ஈர மண்ணில் இருக்கின்றன, மின்சுற்று முழுமையாகிறது. காற்றில் ஓடும் வண்டிக்கு அப்படிச் சுற்று ஏது? பெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பணம் திரும்பி வரவில்லை.

சேஸிஸ் வேலையில் பழகிய வெல்டரிடம் கொடுத்து, அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தோம். பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக நேரம் போனது. பிறகு மணலை வேகமாகப் பீய்ச்சி வெறும் இரும்புவரை சுத்தம் செய்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிட்டு, எபாக்ஸி பிரைமர். பெட்டிக்குழாயின் உள்ளே, நாலாபக்கமும் தெளிக்கும் முனையுள்ள நீண்ட குழாயை விட்டு, இடுக்குகளில் ஊர்ந்து பரவும் மெழுகு. வெளியே, செம்மறியாட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் கலந்த எண்ணெய்ப் படலம். அது காய்ந்து இறுகுவதில்லை. அடியில் துரு வந்தால் மறைக்காது, கீறினாலும் தோலாக உரியாது. ஆனால் தண்ணீரும் மணலும் அதைத் தேய்த்துவிடும், வருடந்தோறும் புதுப்பிக்கவேண்டும். பார்க்க அழகாக இராது, தூசி ஒட்டும், கை வைத்தால் பிசுபிசுக்கும். எனக்கு அது போதும். பிரேக் டிஸ்க்கிலும் சைலன்ஸரிலும் ஆக்சிஜன் சென்சாரிலும் ரப்பர் புஷ்களிலும் எதுவும் படாமல் மறைத்துவிட்டு அடிக்கச் சொன்னேன். அடித்து முடிந்ததும் வடிகால் துளைகள் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்த்தேன்.

நிறுவனத்தில் அடித்துத் தரும் காப்பே போதும் என்று இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டகோமா, டுண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேஸிஸ் துருப்பிடிப்பது பற்றிய வழக்கில் டொயோட்டா 2016-இல் அமெரிக்காவில் சமரசத்துக்கு வந்தது. ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகள் அதில் அடக்கம். அவ்வளவு பெரிய நிறுவனத்தின் சேஸிஸுக்கே இந்தக் கேள்வி வந்தது.

கழுவுவதிலும் நான் தவறு செய்துகொண்டிருந்தேன். கரையேறியதும் உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சுவேன். அது உப்பை இடுக்குகளுக்குள்ளும் பேரிங் சீலுக்குள்ளும் மின் இணைப்புகளுக்குள்ளும் தள்ளும். இப்போது தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்ளரை வண்டிக்கு அடியில் வைத்து, அரை மணி நேரம் இடம் மாற்றி மாற்றி ஓடவிடுகிறேன். குழாய் முனையை வடிகால் துளைக்குள் விட்டு, வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை உள்ளேயும் அலசுகிறேன். இன்னொன்று: நெடுந்தூரம் ஓட்டி வந்த சூட்டோடு வண்டியைக் கடலுக்குள் இறக்காதீர்கள். சூடான டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புத்தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் ஆறவிட்டு இறக்குங்கள். அந்தப் பெட்டியின் காற்றுக்குழாயை உயரத்துக்கு நீட்டி வைத்தால் இன்னும் நல்லது.

பூச்சுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கழுவிக் காய்ந்தபின், பூசுவதற்கு முன், உங்கள் வண்டியை நீங்களே நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லுங்கள். “வரத் தேவையில்லை சார், படம் அனுப்புகிறோம்” என்று பதில் வந்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்றாலும் அப்படியே செய்யுங்கள். உப்பில் ஓடிய வண்டி ஒரே நாளில் கழுவி, காய்ந்து, பூச்சுக்குத் தயாராகாது.

ஏற்கெனவே இப்படி ஒரு கறுப்புப் பூச்சு உங்கள் வண்டியில் இருக்கிறது, கடல் பக்கமும் போய் வந்திருக்கிறீர்கள் என்றால், அடுத்த பயணத்துக்கு முன் ஒரு சுத்தியலும் ஒரு ஆணியும் எடுத்துக்கொண்டு அடியில் போய்ப் பாருங்கள். வண்டி ஜாக்கில் மட்டும் நிற்கக்கூடாது, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தியபின் போங்கள். பின்சக்கரத்துக்கு மேலே சேஸிஸைத் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் அங்கே உரித்துப் பாருங்கள். வடிகால் துளைகளை ஆணியால் திறந்துவிடுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் பிரேக் பைப்பைப் பாருங்கள், ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றி.